கஞ்சித்தொட்டியும் கழிமுகமும்

இராயபுரத்து முதியவர் ஒருவரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதானே?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்ட பின்னரே கையை நீட்டி வழி காட்டுவார். 1938ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்து, ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயரைத் தாங்கி, ஆயிரக்கணக்கான மருத்துவர்களை உருவாக்கியுள்ள ஒரு பெரிய நிறுவனத்தை மக்கள் இன்னும் ஒரு கஞ்சிப் பானையின் பெயரால் அழைக்கிறார்கள். இதில் இழிவு ஏதுமில்லை. மருத்துவமனையின் வரலாற்றை அறிஞர்கள் மறந்தாலும் தெரு மறக்கவில்லை என்பதே இதன் பொருள்.

1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கின. போரால் ஊர்கள் அழிந்தன. வயல்கள் கிடப்பில் கிடந்தன. பசியால் துரத்தப்பட்ட மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கித் திரண்டு வந்தனர். அவ்வேளையில், 1782ஆம் ஆண்டு, ஊர் மணியக்காரர் ஒருவரின் பொறுப்பில் நகரின் வடபுறத்தில் கஞ்சி ஊற்றும் சாவடி ஒன்று எழுந்தது. மணியக்காரர் என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் "மணிகார்" என்று திரிந்து, மணிகார் சத்திரம் என நிலைத்தது. பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் நோயுற்றோரும் வந்து படுத்தனர். படுத்தவர்களைப் பார்க்க வைத்தியர் வரவேண்டியதாயிற்று. இவ்வாறே ஒரு கஞ்சித்தொட்டியின் அருகே மருத்துவமனை முளைத்தது. சத்திரமோ இன்றும் ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லமாக இருந்து வருகிறது.

உடல்நலம் பேணுதல் என்பது வட சென்னையில் மருந்திலிருந்து தொடங்கவில்லை என்பதற்காகவே இதனை இங்கு விரித்துரைக்கிறோம். அது உணவிலிருந்தும் அண்டை வீட்டான் மீது கொண்ட அக்கறையிலிருந்தும் தொடங்கியது. அந்த அக்கறை இப்பகுதியின் நீருக்கும் காற்றுக்கும் மட்டும் ஏன் கிட்டாமற் போயிற்று என்பதே நம் கேள்வி.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பர் என நம் முன்னோர் அழைத்த புனித பேதுருவிடமிருந்து வந்ததென்பது வழிவழிச் செய்தி. மீனவராகிய அவர் பெயரால் அங்குள்ள ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியவர்கள் படகோட்டிகள். சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநராயினும் சரி, ஆயராயினும் சரி, கரை சேரவேண்டுமானால் மசூலா எனப்பட்ட படகில்தான் ஏறவேண்டும். ஓர் இரும்பாணியும் இல்லாமல், பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கடலை எதிர்க்காமல் அதனோடு இணங்கிப் போகும் அறிவு அந்த முடிச்சுகளில் இருந்தது. அப்படகுகளைச் செலுத்திய கூலியிலிருந்தே தங்கள் ஆலயத்தின் கல்லையும் சுண்ணத்தையும் அவர்கள் தேடிக்கொண்டனர்.

பின்னர் துறைமுகம் வந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரு கைகளை நீட்டியதுபோல் கட்டப்பட்ட சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். படகோட்டிகளின் தொழில் மெல்ல மறைந்தது. இதற்கு வருந்துவோர் உண்டு, நாம் அவ்வளவாக வருந்தவில்லை. அலையில் ஆட்களைச் சுமந்து உயிரைப் பணயம் வைத்த பிழைப்பு அது. நாம் கவலைப்படுவது மணலைப் பற்றி.

நமது கிழக்குக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆறு என்றே அதனைச் சொல்லலாம். துறைமுகச் சுவர் அந்த ஆற்றுக்குக் குறுக்கே நின்றது. நின்றதும், தெற்கே மணல் குவிந்தது. குவிந்த மணலே இன்று நாம் பெருமையோடு உலாவும் மெரினாவின் அகன்ற பரப்பு. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுபாதை அமைத்தார். மணல் வரத்து நின்றுபோன வடக்கிலோ கடல் கரையை அரிக்கத் தொடங்கிற்று. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை குப்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. தெருக்கள் கடலுக்குள் போயின. கடைசியில் கரை நெடுகிலும் கருங்கல்லைக் கொட்டினார்கள். ஓர் இடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே நகரும். அங்கும் கல் கொட்டவேண்டும். கட்டுமரத்தை இழுத்து வைக்கவும், வலையை உலர்த்தவும், கருவாடு காயவைக்கவும், பிள்ளைகள் ஓடி விளையாடவும் இருந்த மணல் இப்போது இல்லை. தென்சென்னைக்குக் கடற்கரை கிடைத்த அதே வரவுசெலவுக் கணக்கில் வடசென்னை கடற்கரையை இழந்தது. மாலைக் காற்று வாங்க மெரினாவுக்குச் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் இக்கணக்கை நினைப்பர்?

காற்று வாங்குவது என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. கம்பெனியார் காலத்தில் சென்னை வெள்ளையர் காற்று வாங்கப் போன இடங்களுள் ஒன்று எண்ணூர்! இன்று சொன்னால் நம் பங்கு மக்களே நகைக்கிறார்கள். நகரின் வெக்கையிலிருந்து விலகி, கழிமுகத்தின் ஓரத்தில் தோட்ட வீடுகள் அமைத்து, படகு விட்டு, மீன் விருந்துண்டு ஓய்வெடுத்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில் காக்ரேன் என்பாரின் முயற்சியால் நகரிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. 1876-78 ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில் கூலி வேலைக்கு வந்த மக்களைக் கொண்டு நகருக்குள் அதனை நீட்டினர். அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாயாயிற்று. உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன. பஞ்சத்தில் பட்டினி கிடந்தோரின் கைகள் வெட்டிய கால்வாய் இன்று எதைச் சுமக்கிறது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

எண்ணூர்க் கழிமுகம் கொசத்தலையாறு கடலில் சேருமிடம். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அந்தச் சேற்றுப் பரப்பில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. மடவையும் கொடுவாயும் நண்டும் ஒதுங்குகின்றன. கரையோரத்து இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, வலையில்லாமல் வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதை இன்றும் காணலாம். பிடித்ததைப் போடுவதற்கான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடப்பார்கள். சேற்றை அறிந்த கைகள் அவை. பெருமழையின்போது வடசென்னையின் வெள்ளம் வடிவதும் இக்கழிமுகத்தின் வழியேதான். ஆகவே அது மீனவரின் சொத்து மட்டுமன்று, மீன் உண்ணாதவருக்கும் அது வேண்டும்.

1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் வித்திடப்பட்டது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கி, 2017 மார்ச்சில் ஓய்ந்தது. 1990களின் நடுவில் வட சென்னை அனல் மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் சாம்பலே மிஞ்சும். அச்சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, நீண்ட குழாய்களின் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவர். குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தன. குழம்பு ஆண்டுக்கணக்கில் ஆற்றில் ஒழுகியது. சாம்பல் படிந்த அடித்தளம் காரை பூசினாற்போல் இறுகும். இறால் அதில் புதைய இயலாது, பெண்ணின் கையும் அதைத் துழாவ இயலாது. அண்மைக் காலத்தில் காக்கா ஆழி என்று மக்கள் சொல்லும் அயல்நாட்டுச் சிப்பி ஒன்று பாய் விரித்தாற்போல் படர்ந்து எஞ்சிய சேற்றையும் மூடி வருகிறது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் மின்வாரியத்தின் பொறுப்பை உறுதி செய்து, கழிமுகத்தைச் சீர்செய்யப் பணித்தது. தீர்ப்பு வந்தபோது நமக்குத் தோன்றியது மகிழ்ச்சியைவிட வெட்கமே. படகை மந்திரிக்க ஆண்டுதோறும் கரைக்குச் செல்லும் நாம், நீரின் நிறத்தைக் குறித்து ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நட்பைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரின் உட்பகுதிகளுக்கு விரைந்தனர். மாடிகளில் சிக்கியிருந்தவர்களை, பெயரோ சாதியோ கேளாமல் இறக்கிக் கொண்டுவந்தனர். நகரம் நன்றியால் நெகிழ்ந்தது. ஏறக்குறைய 14 மாதங்கள் கழிந்தன. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. மறுநாளே எர்ணாவூர்க் கரைக் கற்களின் இடுக்கெல்லாம் தார்போன்ற எண்ணெய் வந்து அப்பிக்கொண்டது. ஆமைகள் செத்து ஒதுங்கின. உறிஞ்சும் இயந்திரங்கள் அக்குழம்பின் முன் திணறின. கடைசியில் மீனவரும் மாணவரும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளிகளால் அதை அள்ளினர். நகரத்து இளைஞர்கள் பலர் அன்று வந்ததை நாம் மறுக்கவில்லை. அது நட்புக்கு நட்பு. ஆனால் அதே வாரங்களில் காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லை. அச்சத்தால் வராமல் போனவர்களைக் குறை சொல்லவும் இயலவில்லை. ஆயினும் படகேறி மாடியிலிருந்து இறங்கியவர்களுள் சிலராவது வந்து விசாரித்திருக்கலாமே என்ற எண்ணம் நமக்கு இன்றுவரை நீங்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை கொட்டியபோது, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் அந்தப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை நிறைத்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்தைக் கறுப்புக் கோடு காட்டியது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப் பறக்க மாட்டாமல் நின்றன. மீண்டும் வாளி, மீண்டும் அதே மீனவர்கள். வலைகள் பாழாயின, படகுகள் பாழாயின, தோலில் கொப்புளம் கண்டவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். வரலாறு இவ்வாறு தன் வட்டத்தைச் சுற்றி வந்தது.

அது ஆறுமுன் இன்னொன்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண் எரிய, மூச்சுத் திணறப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சில நாள் கழித்து நாம் வீடு சந்திக்கச் சென்றபோது பாட்டி ஒருவர், கையில் பேரனின் இன்ஹேலரை வைத்துக்கொண்டு சொன்னார்: "யாருக்கும் எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரியல சாமி. எங்க பசங்கதான் காத்து எங்கேருந்து வீசுதுன்னு பாத்து, இப்படி வாங்க, இப்படி வாங்கன்னு கத்துனாங்க. கடலுக்குப் போறவனுக்குக் காத்து தெரியும் இல்லீங்களா?" சைரன் சொல்லாததைக் காற்றை அறிந்த பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். நார்க்கயிற்றால் படகு தைத்தவர்களின் அறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலைக் குருக்கள் கூட்டங்களில் பன்முறை வாசித்திருக்கிறோம். ஏழையின் அழுகுரலும் நிலத்தின் அழுகுரலும் வேறல்ல என்பது அதன் சாரம். வாசிக்கையில் எளிதாகத்தான் இருந்தது. பங்கில் அது எளிதாக இல்லை. ஏனெனில் நம் ஆலயத்தில் ஒரே வரிசையில் இரு தரப்பினரும் அமர்ந்திருக்கிறார்கள். அண்ணன் படகு வைத்திருப்பான். தம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பான். ஆலைச் சம்பளத்தில்தான் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படும். ஆலைகளே வேண்டாம் என்று பலிபீடத்திலிருந்து முழங்குவது கைதட்டலைத் தரலாம்; அந்தத் தம்பியின் வீட்டு அடுப்பை அது எரியவைக்காது. அதற்காகக் குழாய் ஒழுகுவதையும் வால்வு பழுதாவதையும் விதி என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஒழுகும் குழாயை மாற்றுவதால் எவனுக்கும் வேலை போய்விடாது.

அம்மோனியா கசிந்தபின் ஆலை மூடப்பட்டது. நிரந்தரமாக மூடவேண்டும் என்று குப்பத்து மக்கள் சாலையோரம் பந்தலிட்டு அமர்ந்தனர். அப்போது ஒரு சனிக்கிழமை மாலை திருப்பலிக் கருத்து எழுதும் குறிப்பேட்டைப் புரட்டினோம். ஆலை திறக்கக் கூடாதென்று ஒரு குடும்பம் எழுதியிருந்தது. இரண்டு வரி கீழே, கணவருக்கு மீண்டும் வேலை கிடைக்கவேண்டுமென்று இன்னொரு குடும்பம். இரண்டும் ஒரே தெருவினர். ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தாய். உபதேசியார் நம் முகத்தைப் பார்த்து, "எதை வாசிக்கட்டும் சாமி?" என்றார். மறுநாள் காலைத் திருப்பலியில், இரு குடும்பங்களும் முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருக்க, இரண்டையும் நாமே வாசித்தோம்.