மறுகால் எங்கே பாயணும்?

எங்க இலஞ்சிப் பக்கம் குளம் நிரம்பி வழிஞ்சா 'மறுகால் பாயுது'ம்பாங்க. மறுகால் அடைச்சா கரை உடையும். மண்டைக்குள்ளயும் இதே கதைதான். மூளையைச் சுத்தி இருக்கிற நீர், பெரியவங்களுக்கு தினம் சுமார் அரை லிட்டர் ஊறி, ரத்தத்துல கலந்து வடியுது. கைக்குழந்தைக்கு அந்த வடிகால் அடைச்சுக்கிட்டா தலை பெருக்கும், மூளை நசுங்கும். இதுதான் ஹைட்ரோசெஃபாலஸ். குழாய் வச்சு (ஷண்ட்) நீரை இறக்கிடலாம். ஆனா எங்கே கொண்டுபோய் விடறது?

1949-ல பாஸ்டன் டாக்டர் டொனால்ட் மாட்சன் செஞ்சதைக் கேளுங்க. முதுகுத்தண்டு நீரை சிறுநீர்க் குழாய்ல கொண்டு சேர்த்தார். அதுக்கு வழி பண்ண, நல்லா இருந்த ஒரு சிறுநீரகத்தையே எடுத்துட்டார்! நீர் வடிஞ்சது. கூடவே உடம்பு உப்பும் போச்சு.

அடுத்து இதயம். பிலடெல்பியாவில் ஜான் ஹோல்ட்டர்னு ஒரு தொழிற்சாலை டெக்னீஷியன், டாக்டர் இல்லை. மகனுக்கு இந்த நோய். 1956-ல சிலிக்கோனில் ஒருவழி வால்வு செஞ்சு கொடுத்தார். யூஜின் ஸ்பிட்ஸ் என்ற சர்ஜன் அதைக் கழுத்து ரத்தக்குழாய் வழியா இதயத்துக்கு இறக்கினார். பையன் 5 வயசுல போயிட்டான். அப்பா செஞ்ச வால்வு ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்குப் போச்சு.

இதயத்துல ரெண்டு தொல்லை. பிள்ளை வளர வளர குழாய் எட்டாமப் போகும். கிருமி புகுந்தா நேரா ரத்தத்துல கலக்கும். வயிறுன்னா குழாயை நீளமா உள்ள சுருட்டி விடலாம், பிள்ளை வளர வளர அதுவே விரிஞ்சு கொடுக்கும். அதனாலதான் கடைசியில வயிறு ஜெயிச்சது. வயிறு புண்ணாகி, ஒட்டிக்கிட்டு, நீரை உறிஞ்சாம கிடந்தா? மறுபடி இதயம், இல்லேன்னா நெஞ்சுக்கூடு. சின்னப் பிள்ளைக்கு நெஞ்சுல நீர் தேங்கி மூச்சு முட்டலாம்கிறதால அது அவசரத்துக்குத்தான்.

நம்ம நாட்டுப் பங்கும் உண்டு. உத்தரப் பிரதேசம் ஷாஜகான்பூர்ல தயாராகுற சாப்ரா ஷண்ட்டை, உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க சர்ஜன் 195 குழந்தைகளை வச்சு வெளிநாட்டு ஷண்ட்டோட ஒப்பிட்டார். 2005-ல முடிவு வந்தது. ஒரு வருஷக் கணக்குல பெரிய வித்தியாசமே இல்லை. விலைதான் வித்தியாசம்: அப்போ அது 650 டாலர், நம்மது 35 டாலர்! (படிச்சப்ப விசில் அடிக்கத் தோணிச்சு :-))

அவரே குழாய் இல்லாத வழியையும் வளர்த்தார். மூளைக்குள்ளயே துளை போட்டு நீரைத் திருப்பிவிட்டு, நீர் ஊறுற திசுவையும் சுட்டுக் குறைக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்து வராது. ஆனா ஷண்ட் என்னைக்கு வேணாலும் அடைக்கலாம். வாந்தி, மயக்கம்னு வந்தா அன்னைக்கே ஓடணும். நம்ம தென்காசிப் பக்கத்துக்காரங்க செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்கு மலை ஏறி இறங்குற நேரத்தை நினைச்சுப் பாருங்க.