மெதுவாகப் போய் அட்லாண்டிக்கைத் தாண்டிய ரோபோ

இன்னைக்கு ஒரு பேட்டரிக் கணக்கோட வரலாறு.

2009 ஏப்ரல் 27. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நியூ ஜெர்சி பக்கம் ஒரு நீர்மூழ்கி ரோபோவைக் கடலில் இறக்கியது. பேரு ஆர்யூ27, செல்லமா ‘ஸ்கார்லெட் நைட்’. போக வேண்டிய இடம் ஸ்பெயின். வழியில் சார்ஜ் போட முடியாது. முந்தின வருஷம் இதே முயற்சியில் கிளம்பிய ஆர்யூ17 பாதியிலேயே தொலைந்து போயிருந்தது.

இதுக்குச் சுழலி கிடையாது. கொஞ்சம் கடல் தண்ணியை உள்ளே இழுத்தா கனமாகி மூழ்கும். வெளியே தள்ளினா மேலே வரும். அந்த ஏற்ற இறக்கத்தை ரெண்டு இறக்கைகள் முன்னோக்கிய நகர்வா மாத்தும். ஸ்லோகம் கிளைடர்னு பேரு. தனியாளா பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் நினைவா வெச்சது. வடிவமைச்சவர் டக் வெப். அவர் நண்பர், கடலியல் அறிஞர் ஹென்றி ஸ்டோமெல், இந்த மாதிரி ரோபோக்கள் உலகக் கடல்களில் சுத்தி வர்றதா 1989லேயே ஒரு கற்பனைக் கட்டுரை எழுதிட்டார்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவா? வேகத்தை ரெண்டு மடங்காக்கினா தண்ணியோட எதிர்ப்பு நாலு மடங்காகும். அதே தூரத்துக்கு நாலு மடங்கு சக்தி தேவை. அப்போ ஊர்ந்தே போகலாமேன்னு கேட்பீங்க. அதுவும் ஆகாது. சென்சார், கணினி, செயற்கைக்கோள் தொடர்பு எல்லாம் நிமிஷக் கணக்கில் பேட்டரியைக் குடிக்கும். பயணம் நீள நீள அந்தச் செலவு ஏறும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கு. அதைப் பிடிக்கிறதுதான் பொறியாளரோட வேலை.

அந்தக் கணக்கைக் கலைக்க வந்தது கொட்டலசு. கப்பல் அடியில் ஒட்டுமே, அதேதான். வழவழப்பான உடம்பில் அது முளைச்சா எதிர்ப்பு கூடும், வேகம் விழும், அதே தூரத்துக்கு நாளும் பேட்டரியும் அதிகம் போகும். கரையில் இருக்கிற குழுவுக்குத் தெரிவது வேகம் குறையுது என்பது மட்டும்தான்.

இருந்தும் ஆர்யூ27 தாக்குப்பிடிச்சது. டிசம்பர் 4, ஸ்பெயினின் பயோனாவுக்கு அருகே மீட்டார்கள். 221 நாள், சுமார் 7,400 கிலோமீட்டர். நாளுக்குச் சராசரியா 33 கிலோமீட்டர். நாம நடக்கிற வேகத்தை விடக் குறைவு.

பயோனா சும்மா ஊர் இல்லை. 1493ல கொலம்பஸின் பிண்டா கப்பல் திரும்பி வந்து சேர்ந்த துறைமுகம் அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.