கடைக்கணக்கிலிருந்து நாட்டின் வரவு செலவுக்கு: டி. டி. கிருஷ்ணமாச்சாரி

டி. டி. கிருஷ்ணமாச்சாரி (நவம்பர் 26, 1899 – மார்ச் 7, 1974) இந்தியாவின் நிதியமைச்சராக இருமுறை பணியாற்றியவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் உறுப்பினர். அதற்கெல்லாம் முன் அவர் சென்னையில் ஒரு வியாபாரி. நாற்பதை நெருங்கும் வயதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலிலிருந்து பொதுக் கொள்கையின் பக்கம் வந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

நீதிபதி ஒருவரின் மகனான அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். 1928-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அண்ட் கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு நிறுவனங்களின் சோப்பு முதலிய பொருட்களைத் தென்னிந்தியாவில் விற்றுத்தரும் ஏஜென்சித் தொழில் அது. எந்தப் பொருள் எந்த ஊரில் என்ன விலைக்குப் போகும், சுங்கவரி ஓரணா ஏறினால் கடைக்காரர் என்ன செய்வார் என்பதெல்லாம் இத்தொழிலில் இருப்பவருக்கு அன்றாடப் பாடம்.

1937-ல் சுயேச்சையாக நின்று சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார். பிறகு காங்கிரசில் சேர்ந்தார். 1942-ல் மத்திய சட்டசபைக்கும், அதன்பின் அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். வரைவுக் குழுவின் சுமை முழுவதும் அம்பேத்கரின் தோளில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையில் வெளிப்படையாகச் சொன்னவர் இவரே.

1952-ல் நேரு அவரை வணிக, தொழில்துறை அமைச்சராக்கினார். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இறக்குமதிச் சரக்கை விற்று வளர்ந்தவர், இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டு ஆலைகளுக்கு இடம் தரும் கொள்கையை நடத்தினார். ஓட்டையின் இடம் தெரிந்தவரால்தான் அதை அடைக்க முடியும் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம்.

1956-ல் சி. டி. தேஷ்முக் விலகியபின் நிதித்துறை அவரிடம் வந்தது. அந்நியச் செலாவணி வேகமாகக் கரைந்துகொண்டிருந்த நேரம் அது. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டரின் யோசனைகளை ஒட்டி 1957-ல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். அவர் எந்த வர்க்கத்திலிருந்து வந்தாரோ, அந்த வர்க்கத்தின் மீதுதான் இரண்டும் விழுந்தன. செலவு வரி வசூலில் பெரிதாக எதுவும் தரவில்லை. 1962-ல் நீக்கப்பட்ட அதை அவரே 1964-ல் மீண்டும் கொண்டுவந்தார். 1966-ல் அது மறுபடியும் போயிற்று.

அவரை வீழ்த்தியது வரிகள் அல்ல, முந்த்ரா விவகாரம். புதிதாக அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. 1957 டிசம்பரில் ஆளும் கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே இதை மக்களவையில் எழுப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். முடிவு தன்னுடையதல்ல, அதிகாரிகளுடையது என்றார் அமைச்சர். தன் துறைச் செயலர் செய்ததற்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு என்றது சாக்ளா அறிக்கை. 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். கம்பெனியில் முதலாளி மானேஜரின் மேல் பழியைப் போட்டு மீளலாம். அமைச்சருக்கு அந்த வழி இல்லை என்பது அன்று எழுத்தில் பதிவாயிற்று. பின்னாளில் பொறுப்பு பற்றிய விவாதங்களில் இவ்வறிக்கை அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது.

1962-ல் அமைச்சரவைக்குத் திரும்பி, காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி தேசாய் விலகியதும் 1963-ல் மீண்டும் நிதியமைச்சரானார். யூனிட் டிரஸ்ட், இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி ஆகிய இரண்டும் 1964-ல் இயங்கத் தொடங்கின. 1965 இறுதியில், சாஸ்திரி பிரதமராக இருந்தபோது, மறுபடியும் விலகினார். சென்னையில் மௌபரீஸ் சாலை இன்று அவர் பெயரால் டி.டி.கே. சாலை என்று வழங்குகிறது.