பீவர் தொப்பியும் கடன் கொப்பியும்: ஒரு மலைச்சந்தையின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வரலாற்றைப் புத்தகத்தில் வாசிக்கலாம், நூதனசாலையில் பார்க்கலாம். சில நாடுகளில் அதை உடுத்தும், சமைத்தும், அதற்குள்ளேயே நாலு நாள் படுத்துறங்கியும் பார்க்கிறார்கள். இதை "வாழும் வரலாறு" என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு விழாவைப் பற்றியும், அந்த விழா எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதை மறந்துவிடுகிறது என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் போர்ட் பிரிட்ஜர் என்றொரு பழைய கோட்டை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதலாவது திங்கட்கிழமையை ஒட்டி வரும் விடுமுறையில் அங்கே நூற்றுக்கணக்கான வெள்ளைத் துணிக் கூடாரங்கள் எழும்பும். மான்தோல் சட்டை போட்ட ஆண்கள், நீண்ட பாவாடை உடுத்த பெண்கள், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் என்று அந்த இடமே மாறிவிடும். விதி ஒன்றுதான்: 1840 இற்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் வெளியே தெரியக்கூடாது. பிளாஸ்டிக் கதிரை இல்லை, டோர்ச் லைட் இல்லை. நெருப்பு மூட்டுவதானால் இரும்பைச் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித்தான் மூட்ட வேண்டும். வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய துவக்கால் குறிபார்த்துச் சுடுவார்கள், கோடரி எறிவார்கள், தோல் பதனிடுவார்கள். ஒரு பக்கத்தில் கம்பளி, பாசிமணி, தகரக் கோப்பை விற்கும் கடைகள்.

இந்தக் கூட்டத்துக்கு "ரொண்டேவூ" என்று பெயர். பிரெஞ்சுச் சொல். ஓரிடத்தையும் ஒரு காலத்தையும் பேசிக்கொண்டு சந்திப்பது என்று கருத்து.

அது ஏன் 1840? அதற்கு முன்னால் அந்த மலையில் என்ன நடந்தது?

*ஒரு தொப்பிக்காக*

எல்லாம் ஒரு தொப்பியில் தொடங்கியது. ஐரோப்பாவில் கனவான்கள் அணிந்த உயர்ந்த தொப்பிகள் பீவர் என்ற விலங்கின் உரோமத்தால் செய்யப்பட்டவை. (பீவரைச் சிலர் நீர்நாய் என்று எழுதுவார்கள். நீர்நாய் வேறு. பீவர் மரத்தைப் பல்லால் அறுத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும் கொறிவிலங்கு.) அதன் வெளிமயிருக்குக் கீழே இருக்கும் மென்மையான உள்மயிரை அழுத்தினால் தண்ணீர் ஊறாத, வடிவம் கலையாத கம்பளித் தகடு கிடைக்கும். ஐரோப்பாவில் பீவர் குறைந்து போனதும் வட அமெரிக்கா மேல் கண் விழுந்தது.

1822 இல் வில்லியம் ஆஷ்லி என்பவர் செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார். மிசூரி ஆற்றின் மூலம் வரை போய் ஒன்று முதல் மூன்று வருடம் வேலை செய்ய நூறு இளைஞர்கள் தேவை என்பது அதன் சாரம். அடுத்த வருடமே அரிக்காரா மக்களோடு ஏற்பட்ட மோதலில் அவருடைய ஆட்கள் பலர் இறந்தார்கள். ஆற்றுவழி ஆபத்தானது.

அப்போதுதான் ஆஷ்லி வழியை மாற்றினார். அதுவரை வியாபாரிகள் ஆற்றங்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு, பூர்வகுடி மக்கள் தோல் கொண்டு வரும்வரை காத்திருப்பார்கள். ஆஷ்லியோ பொறி வைப்பவர்களை வருடம் முழுக்க ரொக்கி மலைக்குள்ளேயே விட்டுவிட்டு, சாமான்களைக் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி, வருடத்துக்கு ஒரு தடவை அவர்களிடம் அனுப்பினார். குளிரில்தான் பீவரின் மயிர் தடிப்பாக இருக்கும். கோடையில் தோலுக்குப் பெறுமதி இல்லை. அதனால் கோடைகாலமே சந்திப்புக்கு வசதியாகப் போனது.

1825 ஜூலை மாதம், கிறீன் ரிவரின் கிளையான ஹென்றிஸ் போர்க் ஓடைக்கரையில் முதலாவது ரொண்டேவூ நடந்தது. சுமார் 120 பேர் கூடினார்கள். ஏறக்குறைய 9,000 இறாத்தல் பீவர் தோலோடு ஆஷ்லி திரும்பினார். 1840 வரை இந்தச் சந்தை தொடர்ந்தது. இடையில் 1831 இல் மட்டும் சாமான்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

*சந்தையில் இலாபம் யாருக்கு?*

விழாவில் நாம் பார்க்கும் மலைமனிதன் சுதந்திரமானவன். முதலாளி இல்லை, மணிக்கூடு இல்லை, வேலி இல்லை. ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு ஒரு மனிதன் தெரிவான்.

குளிர்ந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரும்புப் பொறி வைப்பது, தோலை உரித்து வில்லோ மர வளையத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பது, கரடிக்கும் பனிக்கும் தப்புவது. இதுதான் அவனது ஒரு வருடம். அந்தத் தோலுக்கு மலையில் ஓர் இறாத்தலுக்கு 3 டொலர் அளவில் கொடுத்தார்கள். கையில் காசாக அல்ல, பெரும்பாலும் சாமானாக. கோப்பி, சீனி, வெடிமருந்து, கம்பளி எல்லாம் செயின்ட் லூயிஸ் விலையைவிடப் பல மடங்கு. வேறு கடை கிடையாது. வருடத்துக்கு ஒரே ஒரு சந்தை, அதில் வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே கொம்பனி.

மதுவையும் கொண்டு வந்தார்கள். 1832 இல் பூர்வகுடிகளின் பிரதேசத்துக்குள் மது கொண்டுபோவதைச் சட்டம் தடை செய்தது. ஆனாலும் அது மலைக்கு வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் கலந்து, தங்க விலையில். வருடம் முழுக்க உழைத்ததைச் சில நாட்களில் முடித்துவிட்டு, அடுத்த வருடத்துக்கான பொறியையும் வெடிமருந்தையும் கடனுக்கு எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பியவர்கள் பலர். கடன் கொப்பியில் பெயர் இருக்கும்வரை அவன் எந்த மலையில் நின்றாலும் சுதந்திரமானவன் இல்லை. ஆஷ்லியோ 1826 இலேயே தன் பங்கை மூவருக்கு விற்றுவிட்டு, சாமான் அனுப்பும் வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பொறி வைப்பதைவிட, பொறி வைப்பவனுக்குச் சாமான் விற்பதில்தான் இலாபம் என்று அவருக்கு விளங்கியிருந்தது.

*கூட்டத்தில் நின்ற மற்றவர்கள்*

இந்தச் சந்தை வெள்ளையர்களின் சந்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாம் மொத்தமாகச் "செவ்விந்தியர்" என்று சொல்லிப் பழகிய மக்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஷோஷோனி, நெஸ் பெர்ஸ், பிளாட்ஹெட், குரோ, பனோக் மக்கள் குடும்பம் குடும்பமாக, குதிரைகளோடு வந்தார்கள். பல வருடங்களில் அவர்களே பெரும்பான்மை. மலைமனிதர்கள் பலரின் மனைவிமார் அவர்களின் பெண்கள். தோல் பதனிட்டதும், காலணி தைத்ததும், வழியும் மொழியும் சொல்லிக் கொடுத்ததும் இந்தப் பெண்கள்தான். அவர்களில் மிகச் சிலரின் பெயரே ஏட்டில் இருக்கிறது.

ஜேம்ஸ் பெக்வேர்த் என்பவரும் அங்கே இருந்தார். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, பிறப்பால் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மனிதர். ஆஷ்லியின் ஆட்களில் ஒருவராக மலைக்கு வந்து, பின்னர் குரோ மக்களோடு பல வருடங்கள் வாழ்ந்தார்.

*1837: ஒரே கோடை, இரண்டு காட்சிகள்*

இன்றைய விழாக்களில் உடுப்புத் தைப்பவர்கள் அடிக்கடி ஓர் ஓவியரின் படங்களைப் பார்ப்பார்கள். அவர் ஆல்பிரட் ஜேக்கப் மில்லர். 1837 இல் ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரோடு கிறீன் ரிவர் ரொண்டேவூவுக்குப் போய், நேரில் பார்த்து வரைந்தவர். ரொண்டேவூவை நேரில் கண்டு வரைந்த ஓவியர் அவர் ஒருவர்தான். பச்சைப் பள்ளத்தாக்கு, வரிசை வரிசையாகக் கூம்புக் கூடாரங்கள், குதிரை மேல் மக்கள். அழகான படங்கள்.

அதே கோடையில் சென் பீற்றர்ஸ் என்ற நீராவிக் கப்பல் மிசூரி ஆற்றில் மேலே போனது. அதில் பெரியம்மை இருந்தது. ஆற்றங்கரையில் ஊர் அமைத்து, சோளம் பயிரிட்டு வாழ்ந்த மண்டான் மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் சில மாதங்களில் இறந்து போனார்கள். வெள்ளையர்களோடு நட்பாக இருந்த அவர்களின் தலைவர் மாட்டோ டோப்பே ஜூலை 30 இல் இறந்தார். அந்தக் கப்பல் ஓடியதும் பிராட், ஷூட்டோ கொம்பனிக்காக. மில்லர் வரைந்த சந்தைக்குச் சாமான் அனுப்பியதும் அதே கொம்பனி.

மில்லரின் படத்தைப் பார்த்து ஒரு சட்டை தைக்கலாம். கப்பலை எந்த விழாவில் எப்படிக் காட்டுவது?

*சந்தை கலைந்தது*

1830 களில் ஐரோப்பாவில் நாகரிகம் மாறியது. பட்டுத் தொப்பி வந்தது. இங்கே ஓடைகளில் பீவரும் இல்லை. வடக்கிலிருந்து வந்த ஹட்சன்ஸ் பே கொம்பனி, அமெரிக்கர்கள் தம் பக்கம் வராமலிருக்க ஸ்நேக் ஆற்றுப் பிரதேசத்தில் பீவரை வேண்டுமென்றே துடைத்தெடுத்தது. ஒரு பாலைவனத்தை உண்டாக்குவதே அவர்களின் கொள்கை. பீவர் போனதும் அதன் அணைகள் உடைந்தன, குளங்கள் வற்றின.

1840 இல் கிறீன் ரிவரில் கடைசிச் சந்தை நடந்தது. அதோடு பலர் வண்டிகளில் வரும் குடியேறிகளுக்கு வழிகாட்டிகளானார்கள். பிரபலமான மலைமனிதர் ஜிம் பிரிட்ஜர் கூட்டாளி ஒருவரோடு குடியேறிகளுக்கான கடைக்கோட்டை ஒன்றைக் கட்டினார். நாம் மேலே சொன்ன போர்ட் பிரிட்ஜர் அதுதான். உரோம வியாபாரிகள் கண்ட பாதைகளால் குடியேறிகள் வந்தார்கள், சந்தைக்கு விருந்தாளியாக வந்த மக்கள் ஒரு தலைமுறைக்குள் ஒதுக்குநிலங்களுக்குத் தள்ளப்பட்டார்கள்.

பின்கதை ஒன்றும் உண்டு. ஸ்நேக் ஆறு ஓடும் அதே ஐடாஹோ மாநிலத்தில், 1948 இல் அரசாங்க அதிகாரிகள் 76 பீவர்களை மரப்பெட்டியில் அடைத்து, விமானத்திலிருந்து பரசூட்டில் மலைக்குள் இறக்கினார்கள். மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் தொல்லையாக இருந்தவற்றைக் காட்டில் விடுவதற்காக. ஒன்று மட்டும் இறந்தது. மற்றவை போய் அணை கட்டின.

*அப்படியானால் கொண்டாடவே கூடாதா?*

எமக்கு அப்படித் தோன்றவில்லை. வயோமிங்கின் பைன்டேல் ஊரில் 1936 முதல் ரொண்டேவூவை நாடகமாக நடித்துக் காட்டுகிறார்கள். தொண்ணூறு வருடமாக ஓர் ஊர் தன் கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது லேசான விடயமல்ல. தோல் பதனிடல், கொல்லுவேலை, கூடாரம் கட்டல் போன்ற கைப்பழக்கங்கள் இந்த விழாக்களால்தான் பலரிடம் உயிரோடு இருக்கின்றன. நெருப்பு மூட்ட அரைமணி நேரம் போராடிய பிள்ளைக்கு அந்தக் காலத்தின் கஷ்டம் பத்துப் பக்கம் வாசித்தவனைவிட நன்றாக விளங்கும்.

எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் போர்டேஜ் ஒரு நல்ல உதாரணம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோர்த் வெஸ்ட் கொம்பனியின் கோடைத் தலைமையகம் அங்கே இருந்தது. படகோட்டிகள் தலைக்கு 90 இறாத்தல் மூட்டை இரண்டைச் சுமந்து எட்டரை மைல் நடப்பார்கள். அந்த நிலம் ஒஜிப்வே மக்களுடையது. அங்கே தேசிய நினைவிடம் அமைய நிலத்தை விட்டுக் கொடுத்ததே அவர்கள்தான். 1999 முதல் தேசியப் பூங்காச் சேவையோடு உடன்படிக்கை செய்து, அந்த இடத்தை நடத்துவதிலும் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் ரொண்டேவூ விழாவும் ஒஜிப்வே மக்களின் பாரம்பரிய நடனக் கூடலும் ஒரே வார இறுதியில் நடக்கும். அங்கே அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, வீட்டுக்காரர்கள்.

இந்த விழாக்களின் காணொளிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், விரும்பிப் பார்ப்பார்கள். காட்டும்போது மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அந்தச் சந்தையில் கணக்குக் கொப்பி யார் கையில் இருந்தது? அன்று அங்கே நின்றவர்களில் இன்றைய விழாவில் யாரைக் காணவில்லை? விற்கப்பட்ட அந்த விலங்குக்கு என்ன நடந்தது?

இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, எந்த நாட்டின், எந்தக் காலத்தின் பழம்பெருமையையும் கண் திறந்து பார்க்கும்.

பிள்ளைகள் சொன்ன பதில்களைக் கீழே எழுதுங்கள். நாமும் வாசிக்க ஆவலாக இருக்கிறோம்.