அடுப்பு வாங்கப் போன கதையும் எமது குசினிகளின் வரலாறும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் மகளின் வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. டைல்ஸ் பதித்தாயிற்று, பெயின்ட் பூசியாயிற்று. மிஞ்சியிருப்பது குசினி. அதற்கு ஓவனும் ஹொப்பும் பார்ப்பதற்காகப் போன கிழமை நாங்கள் மூவரும் கல்முனைப் பஸாருக்குப் போனோம். கடைத் தம்பி முதலில் காட்டியது கண்ணாடித் தட்டில் நான்கு அடுப்பு பொருத்திய ஹொப். அடுத்தது அலுமாரிக்குள் பதிக்கும் மின்சார ஓவன். இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்தோம். எங்கள் சம்பளத்தில் மூன்று மாதம். நாங்கள் தயங்குவதைக் கண்ட தம்பி சொன்னார்: “இப்ப எல்லாச் சீதன வீட்டுக்கும் இதுதான் சேர் போகுது.”

அந்த ஒரு வசனம்தான் எங்களை வீட்டுக்குத் திரும்ப வைத்தது. இந்தப் பதிவை எழுத வைத்ததும் அதுதான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எமது கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய்வழியில் குடி பார்க்கும் வழக்கமும் இன்னும் எம்மிடம் இருக்கிறது. ஆகவே குசினி என்பது எமது ஊரில் மருமகள் போய்ச் சேரும் இடமல்ல, மகள் பிறந்து வளர்ந்து உரித்தாக்கிக்கொள்ளும் இடம். பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த ஒரு வழக்கம், காலப்போக்கில் பெற்றோரின் கழுத்துக்குச் சுருக்கானது எப்படி என்பது வேறொரு பதிவுக்குரிய விடயம். இங்கே அடுப்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் சொற்களைக் கவனியுங்கள். குசினி என்ற சொல்லே போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் சமையலறை ‘கொசீஞா’. பாண் அவர்களுடைய ‘பாவ்ங்’. பேக்கரியில் பாண் சுடும் போறணை அவர்களுடைய ‘ஃபோர்னு’. சிங்கள மக்கள் அதையே போறணுவ என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1626இல் போர்த்துக்கீசர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றான். அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாறு கூறுகிறது. அதற்கு முன்பே இங்கே எமது மக்கள் இருந்தார்கள், ஆனால் கிழக்கு முஸ்லிம் சமூகம் பெருகியதில் அந்த வெளியேற்றத்துக்குப் பெரிய பங்குண்டு. துரத்தியவனின் சொல்லை எமது மூத்தம்மாமார் அடுப்படிக்குள் வைத்துக்கொண்டார்கள்! நானூறு வருடமாகியும் அது போகவில்லை.

ஓவன் என்ற பொருளும் எமக்குப் புதிதல்ல. அரபு நாடுகளின் மண் அடுப்பு தன்னூர். வட இந்தியாவின் தந்தூர் அதே சொல்தான். மெசப்பொத்தேமியாவின் பழைய அக்காத் மொழியில் அது தினூரு. நூஹ் நபியின் வெள்ளம் பற்றிய குர்ஆன் வசனங்களில் இரண்டு இடத்தில் தன்னூர் வருகிறது, அதிலிருந்து நீர் பொங்கியது என்று. 2004 டிசம்பர் 26 காலைக்குப் பிறகு அந்த வசனங்களை ஓதும்போது எமது ஊரில் பலருக்குக் குரல் இடறும்.

எங்கள் மூத்தம்மாவின் குசினி வீட்டோடு ஒட்டியிருக்கவில்லை. வளவின் பின்பக்கம் கிடுகால் வேய்ந்த தனிக் குடில். மண்ணால் பிடித்த அடுப்பு, பக்கத்தில் அவசரத்துக்கு மூன்று கல். விறகு, சிரட்டை, பொச்சுமட்டை, கொக்கறை என்று எரிப்பதற்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. சோற்றுக்கு விறகு. மீனாணம் வற்றக் கிடக்கும்போது தணல். ஆப்பத்துக்குச் சட்டியின் மேல்மூடியில் சிரட்டைத் தணல். பெருநாளைக்குக் கேக் செய்வதும் அப்படித்தான், மேலும் தணல் கீழும் தணல். இன்றைய ஓவனில் ‘மேல் சூடு, கீழ் சூடு’ என்று குறியிட்டுத் திருகுகிறோமே, மூத்தம்மா அதைக் கையாலேயே செய்தார். வெப்பநிலை பார்ப்பதற்குக் கருவி கிடையாது. தட்டின் மேல் கையைப் பிடித்து எண்ணுவார். (ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படித்தான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் காஸ் அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஓவனின் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் ‘ரெகுலோ’ அங்கே வந்தது 1923இல்தான்.) கேக் கூடுதலாக இருந்தால் தட்டுகளைத் துணியால் மூடித் தலையில் வைத்து பேக்கரிக்கு அனுப்புவோம். பாண் சுட்டு முடிந்து சூடு தணிந்த போறணைக்குள் அவை போகும். யாருடைய தட்டு யாருடையது என்று தெரிய மூலையில் ஆணியால் அடையாளம் போட்டிருக்கும். ஊருக்கே ஒரு ஓவன்.

ஆனால் அந்தக் குசினியைக் கனவுபோல எழுதுவது பொய். மூத்தம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே கண் மங்கி, நெஞ்சு இரைத்தது. வீட்டுக்குள் எரியும் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனையோ மூத்தம்மாமார். விறகு அடுப்பைப் புகழும் ஆண்கள் ஒரு நாள் ஊதுகுழல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

விறகு மேற்கே வயல்களுக்கு அப்பாலுள்ள காட்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து போர் அந்தப் பாதையை மூடியது. விறகுக்குப் போனவர் திரும்புவார் என்ற நிச்சயம் தமிழருக்கும் இல்லை, முஸ்லிமுக்கும் இல்லை. அந்தக் காலத்தில்தான் எமது குசினிகளில் மண்ணெண்ணெய்க் குக்கர் நிலைத்தது. சுவீடனில் 1892இல் பிறந்த பிறைமஸ் அடுப்பின் தம்பிமார், திரி போட்டவையும் காற்றடிப்பவையும். மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் மரத்தூள் அடுப்பு. தகர வாளியின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்தால் அடுப்பு தயார். அதை இறுக்கும் வேலை எங்களுடையது. சரியாக இறுக்காவிட்டால் சோறு பாதியில் இருக்கும்போதே சரிந்துவிடும், முதுகில் விழும். நெல் ஆலை உள்ளவர்கள் உமி எரித்தார்கள். 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ மண் அடுப்பும் சில வீடுகளுக்கு வந்தது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி கொதிக்கும். அதிகம் பேசப்படாத, ஆனால் எமது நாட்டின் மிக நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிறகு காஸ் வந்தது. கொழும்பு காஸ் கம்பனியின் 51 வீதப் பங்குகளை ஷெல் நிறுவனம் 1995இல் வாங்கியது. 2010இல் அரசு அதைத் திருப்பி வாங்கி லிட்ரோ என்று பெயரிட்டது. இந்தப் பதினைந்து வருடத்தில் சிலிண்டர் கொழும்பிலிருந்து சிற்றூர்க் கடைவரை வந்து சேர்ந்தது. எமது கரையில் அதற்கு நடுவே சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். கடலோரத்தில் இருந்த வளவும் பின்பக்கக் குடிலும் ஒரே காலையில் போயின. புதிதாகக் கட்டிய வீடுகளில் குசினி உள்ளே வந்தது. தொடர்மாடி வீடுகளில் விறகு வைக்க இடமே இல்லை. பழைய அடுப்பை நாம் விரும்பிக் கைவிட்டோம் என்று சொல்ல முடியாது. பாதியைக் கடல் கொண்டுபோனது.

அதன் விலையை 2021இலும் 2022இலும் கொடுத்தோம். 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,750க்குப் பாய்ந்தது. அடுத்த மாதமே நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதைக் காரணமாகக் காட்டியது. பியூட்டேன் குறைந்து புரொப்பேன் கூடியிருந்தது. எமது வெக்கையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. பழைய கலவைக்குப் பழகிய ரெகுலேட்டரிலும் குழாயிலும் அது கசியும். கசிந்த காஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது, நிலத்தோடு படுத்துக் கிடக்கும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் சொல்வது அதுதான், ஆனால் அந்த டிசம்பர் மாதம் இரவில் நாங்களே சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டுப் படுத்தோம்.

2022 மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு. காஸ் கிடையாது, மாத முடிவில் கிடைத்தபோது 4,860 ரூபா. மண்ணெண்ணெய்க்குக் கேன்களின் வரிசை. ஸஹருக்கு எழும்பிய வீடுகளில் கண்ணாடி ஹொப்பின் மேல் பூச்சாடி. எங்கள் உம்மா மட்டும் பதறவில்லை. வளவின் மூலையில் பழைய மண் அடுப்பை அவர் இடிக்க விட்டிருக்கவில்லை. அந்த ரமழானில் நாலு வீட்டுச் சோறு அதில் வெந்தது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் கிடாரம் எப்போதும் விறகில்தான், அது ஒரு நாளும் நிற்கவில்லை. தொடர்மாடியில் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர் படிக்கட்டின் கீழ் மூன்று கல் வைத்துப் பலகை எரித்தார். மேல்மாடிக்காரர் புகைக்குச் சண்டைக்கு வந்து, பின்னர் அவரும் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

“அப்ப கரண்டுக்கே மாறினால் என்ன?” என்று மனைவி கேட்டார். அதையும் கணக்குப் பார்த்தோம். எமது வீடுகளில் பெரும்பாலும் 30 அம்பியர் தனிக்கட்ட இணைப்பு. 230 வோல்ற்றில் சுமார் 6,900 வாற்று. பதிக்கும் ஓவன் 3,000 வாற்று வரை இழுக்கும், இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்று 2,000. ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் மோட்டார், ஏசி எல்லாம் சேரும் நாளில் மெயின் சுவிச் விழும். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் 2,990 வாற்றுக்கு மேல் போகக்கூடாது, ஆகவே பெரிய ஓவனுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். மின் கட்டணமோ 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம் ஏறியது. பிறகு குறைந்ததும் உண்டு, ஆனால் அந்தப் பயம் குறையவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இன்டக்‌ஷனில் மண்சட்டி சூடாகாது. மண்சட்டி இல்லாமல் மீனாணமா என்று மனைவி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

கடைசியில் முடிவெடுத்தது மகள். சமைக்கப் போகிறவள் அவள்தான் என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே நாங்கள்தான் ஊரைப் பார்த்து அளந்துகொண்டிருந்தோம். “எனக்கு அந்த ஓவன் வேணாம் வாப்பா. கேக் வருஷத்துக்கு ரெண்டு தரம்தான் அடிப்பேன். அந்தக் காசுக்குப் பின்னால புகைக்கூட்டோட ஒரு விறகடுப்புக் கட்டித் தாங்க” என்றாள்.

ஆகவே நேற்று மீண்டும் கடைக்குப் போனோம். மூன்று அடுப்புள்ள இரும்புத் தட்டு ஹொப் ஒன்று எடுத்தோம், கண்ணாடி வேண்டாம் என்றோம். நடு அடுப்பில் பெரிய சட்டி வைத்தால் பக்கத்துச் சட்டிகள் இடிபடுமா என்று பார்க்க, வீட்டிலிருந்து கொண்டுபோன சட்டிகளைக் கடையிலேயே வைத்துப் பார்த்தோம், தம்பி சிரித்தார். நெருப்பு அணைந்தால் காஸை நிறுத்தும் கருவி ஒவ்வொரு அடுப்புக்கும் இருக்கிறதா என்று கேட்டோம். சிலிண்டர் சுவருக்கு வெளியே நிற்கும். குசினிச் சுவரில் நிலமட்டத்தில் ஒரு காற்றுத்துளை, கசிந்தால் வெளியேற. மேசையில் வைக்கும் சிறிய ஓவன் ஒன்றும் வாங்கினோம், 1,500 வாற்று, சாதாரண பிளக்கிலேயே ஓடும். எல்லாம் சேர்த்து ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்தது.

மேசன் நாளை வருகிறார். மண் அடுப்பின் வாய் எந்தத் திசைக்கு இருக்க வேண்டும் என்பதில் உம்மாவுக்கும் மேசனுக்கும் இப்போதே போனில் வாக்குவாதம். கடல் காற்று மாலையில் திரும்பும், அதனால் வாய் தெற்கே என்கிறார் உம்மா.

உங்கள் ஊரில் போறணைக்கு வேறு பெயர் இருந்ததா? தலையில் கேக் தட்டுக் கொண்டுபோன ஞாபகம் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.