எக்கினேசியா: புல்வெளியின் வேர்மருந்து

எக்கினேசியா வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, சூரியகாந்திக் குடும்பத்துப் பூச்செடி. ஊதா இதழ்கள் சரிந்து தொங்க, நடுவே முள் அடர்ந்த கூம்பு நிமிர்ந்து நிற்கும். அம்முட்களைக் கண்டே, முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர் கான்ராட் மோன்ச் 1794இல் இப்பெயரிட்டார்.

பெயர் புதிது, பயன்பாடோ மிகப் பழையது. வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் லகோட்டா, செயன் முதலிய பழங்குடியினர் இதன் வேரை நன்கறிவர். மென்றால் நாக்கு மரத்துப்போகும். ஆகவே பல்வலிக்கும் தொண்டைப்புண்ணுக்கும் அதுவே கைமருந்து. பாம்புக்கடிக்கும் அரைத்துப் பூசினர்.

பின்னர் நெப்ராஸ்காவைச் சேர்ந்த மேயர் என்பவர் இவ்வேரை இரத்தசுத்தி மருந்தாக்கி விற்றார். கிலுகிலுப்பைப் பாம்பைத் தம்மைக் கடிக்கவிட்டே அதன் ஆற்றலை மெய்ப்பிக்கத் தயார் என்று சின்சினாட்டி நகருக்கு எழுதினார். அங்கே மருத்துவர் ஜான் கிங் ஆதரிக்க, லாயிட் சகோதரர்களின் நிறுவனம் மருந்தைப் பரப்பியது. தலைமுறைகள் காத்த பழங்குடி அறிவு இப்படித்தான் பிறர் பெயரில் விலைபோனது. 1930களில் கெர்ஹார்ட் மடாஸ் என்பவர் இச்செடியை ஜெர்மனியிலும் பயிரிட்டார்.

எக்கினேசியாவின் டென்னசி இனம் அழிந்ததாகவே ஒருகாலத்தில் கருதப்பட்டது. 1979இல் அமெரிக்காவின் அழிவுநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அது, பாதுகாப்பால் மீண்டு 2011இல் அப்பட்டியலிலிருந்து நீங்கியது.