நகரும் வீடு

வீடு என்றால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். பிரயாணம் என்றால் அந்த வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இவை இரண்டும் நமக்குப் பரம்பரையாக வந்த அபிப்பிராயங்கள். வீட்டுக்கே சக்கரம் கட்டி, அடுப்பும் படுக்கையும் குழந்தை குட்டிகளுமாகப் புறப்பட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், “நீங்கள் என்ன, சர்க்கஸ் கம்பெனியா?” என்று கேட்கத்தான் நமக்குத் தோன்றும்.

நம் ஊரில் ‘கேரவன்’ என்ற பெயர் சினிமா நட்சத்திரங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. படப்பிடிப்பு நடக்கும் தெருவில் நீண்டு நிற்கும் அந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் காத்துக் கிடப்பார்கள். ஐரோப்பாவிலோ அது சாமானிய வஸ்து. குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் கோடை விடுமுறையில் ஒரு வாரம், இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்ப சமேதராக மலையையும் கடலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்படி ஒரு வண்டியில் ஜெர்மனியின் தென் பகுதியில் ஒரு வாரம் சுற்றும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். பேரக் குழந்தைகளுக்கு ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. எனக்கும் என் மனைவிக்கும் பின்பக்கத்தில் ஒரு கட்டில். நடுவில் இரண்டு கண் உள்ள காஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், ஒரு மேஜை. வண்டியை ஒப்படைத்தவர் சுமார் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். நல்ல தண்ணீர்த் தொட்டி எது, கழிவு நீர்த் தொட்டி எது, வண்டி ஓடும்போது காஸை ஏன் மூட வேண்டும், கக்கூஸ் பெட்டியை எங்கே கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும் எல்லாம் விளக்கினார். “அலமாரிக் கதவையெல்லாம் தாழ் போட்டாச்சா?” என்று என் மனைவி கேட்பதும், “ஆச்சு பாட்டி!” என்று குழந்தைகள் கோஷமிடுவதும் அந்த ஒரு வாரமும் எங்கள் பிரயாண மந்திரமாக இருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வண்டியை எடுக்குமுன் நிரப்பிக் கொடுக்க வேண்டிய பத்திரம் ஒன்று இருந்தது. பெயர், ஓட்டுநர் உரிமம், முன்பணம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்த அந்தக் காகிதம், ‘நிரந்தர முகவரி’ என்றும் கேட்டது. நகரும் வீடு வேண்டுமென்றால் முதலில் நகராத வீடு ஒன்று இருக்க வேண்டும்! மாப்பிள்ளை யோசிக்காமல் எழுதிவிட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. நிரந்தர முகவரி இல்லாத ஜனங்களிடமிருந்து அல்லவா இந்த வண்டியே வந்தது?

‘கேரவன்’ என்பது பாரசீகச் சொல்லில் பிறந்தது. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் வியாபாரிகளுக்கு அங்கே ‘கார்வான்’ என்று பெயர். பிறகு ஐரோப்பாவில், மனிதர்கள் குடியிருக்கும் வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1840, 1841ல் எழுதி வெளியிட்ட ‘பழம் பொருள் கடை’ நாவலைப் படித்தவர்களுக்கு ஜார்லி அம்மாளை நினைவிருக்கும். மெழுகு பொம்மைக் காட்சி நடத்தும் அந்த அம்மாளின் வண்டிதான் அவள் வீடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கூடாரங்களில் வாழ்ந்துவந்த ஜிப்ஸிகளும் இத்தகைய வண்டிகளுக்கு மாறினார்கள். கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்து, செதுக்கு வேலையும் வர்ணமுமாக அழகு செய்த அந்த வண்டியை அவர்கள் ‘வார்டோ’ என்றார்கள்.

இந்த ஜிப்ஸிகள் நமக்கு அந்நியர்கள் அல்ல. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. தங்களை அவர்கள் ரோமா என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய பாஷை இந்தியாவிலிருந்து வந்தது என்று 1782ல் ரூடிகர் என்ற ஜெர்மன் பண்டிதர் எடுத்துக் காட்டினார். தண்ணீருக்கு அவர்கள் ‘பானி’ என்பார்கள். மூக்கு ‘நாக்’, காது ‘கான்’. காசிக்குப் போய்வந்த பாட்டிகூட இதற்கு அர்த்தம் சொல்லிவிடுவாள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவை விட்டுப் புறப்பட்டவர்கள், பாரசீகம், துருக்கி என்று நடந்து ஐரோப்பா சேர்ந்தார்கள். சேர்ந்த இடத்தில் வரவேற்பு எப்படி என்றால், இங்கிலாந்தில் 1530ல் எட்டாம் ஹென்றி அவர்களை நாட்டைவிட்டுப் போகச் சொல்லிச் சட்டம் போட்டான். 1554ல், போகாதவர்களுக்கு மரண தண்டனை என்று வந்தது.

இனி, உல்லாசப் பிரயாணத்தின் கதை. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் சொல்லி, சொகுசான வீட்டு வண்டி ஒன்று செய்துகொண்டார். அதற்கு ‘வாண்டரர்’, அதாவது நாடோடி, என்று பெயர் வைத்தார். 1885ல் இரண்டு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடிப் பக்கம் உள்ள இன்வர்னெஸ் வரை போனார். வண்டிக்காரர் ஒருவர், பணியாள் ஒருவர், ஒரு நாய், ஒரு பறவை எல்லாரும் கூட. பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், “பெரிய வண்டி வருகிறது” என்று எச்சரிக்கை செய்வாராம்! 1,300 மைல் பிரயாணத்தை மறு வருஷமே புத்தகமாக்கினார். தம்மைக் ‘கனவான் ஜிப்ஸி’ என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு வெகு பெருமை. 1907ல் இங்கிலாந்தில் கேரவன் கழகம் என்று ஒன்று ஆரம்பித்தபோது அவரை உபதலைவராக்கி மரியாதை செய்தார்கள்.

கனவான் ஜிப்ஸி இப்படிப் பவனி வந்த அதே 1880களில், ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நகரும் வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே வந்து பார்க்க உரிமை வேண்டும், குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வண்டியே வீடாக உள்ளவனுக்கு, கேட்காமல் கதவைத் திறக்கும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தால் என்ன? எதிர்ப்புக் கிளம்பியது. காட்சி நடத்தும் வண்டிவாசிகள் 1889ல் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். மசோதா பல முறை வந்தும் நிறைவேறவில்லை. ஒரே மாதிரி வண்டிதான். ஒருவர் போனால் அது புத்தகம். மற்றவர் போனால் அது மசோதா.

வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது. எலிசபெத் வான் ஆர்னிம் என்ற நாவலாசிரியை ஜெர்மன் பிரபு ஒருவரை மணந்து பிரஷ்யாவில் வாழ்ந்தவர். 1907 கோடையில் இங்கிலாந்துக்கு வந்து, கேரவன்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கெண்ட் பகுதியில் சுற்றினார். கோடை என்று பெயரே தவிர ஓயாத மழை. நாவலாசிரியைக்கு மழை நஷ்டமா? 1909ல் ‘கேரவன்காரர்கள்’ என்ற நாவல் வெளிவந்தது. அதில் ஒரு பிரஷ்ய ராணுவ மேஜர், செலவு குறைச்சல் என்ற ஒரே காரணத்துக்காக, மனைவியோடு இங்கிலாந்துக்கு வந்து கேரவன் பிரயாணம் செய்கிறார். கதையை அவர் வாய்மொழியாகவே கேட்கிறோம். வீட்டில் அதிகாரம் செய்து பழகிய மனிதர், சேற்றில் குதிரையோடு நடக்கவும் தட்டுமுட்டுச் சாமான் சுமக்கவும் வேண்டியிருக்கிறது. அவர் மனைவியோ நாளுக்கு நாள் தலைநிமிர்ந்து, தன் புத்திப்படி நடக்க ஆரம்பித்துவிடுகிறாள்! சுவர்கள் போனவுடன் சுவர்களுக்குள் இருந்த அதிகாரமும் போய்விட்டது என்பதை அந்த மேஜர் கடைசிவரை புரிந்துகொள்ளாததுதான் வேடிக்கை. குடும்பத்தோடு அந்த வண்டியில் ஒரு வாரம் இருந்தவன் என்ற முறையில், அந்த அம்மாள் எழுதியது சத்தியம் என்று நான் சாட்சி சொல்வேன்.

எங்கள் வழியில் இஸ்னி என்ற சின்ன ஊர் வந்தது. ஆல்கவ் மலைப்பிரதேசத்தில், பவேரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே 1832 முதல் குதிரைச் சவுக்குத் தயாரித்து வந்த டெத்லெஃப்ஸ் குடும்பத்தில் ஆரிஸ்ட் என்பவர், சரக்கு விற்கப் பல வாரம் ஊர் ஊராய்ப் போக வேண்டியிருந்தது. அவர் மணக்க இருந்த பெண் ஃப்ரீடல் எடல்மன் இயற்கைக் காட்சிகளை வரையும் சித்திரக்காரி. “ஜிப்ஸி வண்டி மாதிரி ஒன்று இருந்தால் நாம் சேர்ந்தே போகலாம், நான் படமும் வரையலாம்” என்று அவள் ஆசைப்பட்டாள். 1931ல் ஆரிஸ்ட் அதைச் செய்துகாட்டினார். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்த வண்டிக்கு ‘வீட்டுக் கார்’ என்று பெயர். ஜெர்மனியின் முதல் கேரவன் அதுதான். பிரிந்திருக்க மனமில்லாத இருவருடைய ஆசையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது.

மனசுக்கு இதமான கதை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் பவேரியாவில், அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1926ல், ஒரு சட்டம் வந்திருந்தது: போலீஸ் அனுமதியில்லாமல் ஜிப்ஸிகள் வீட்டு வண்டியோடு பிரயாணம் செய்யக் கூடாது! ஜிப்ஸி வண்டி வேண்டும், ஜிப்ஸி வேண்டாம். பிறகு ஹிட்லர் வந்தான். 1936 ஆகஸ்டில் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம். விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று, ஜூலை 16ந் தேதி சுமார் 600 ரோமா, சிந்தி ஜனங்களை அவர்கள் வண்டிகளோடு மார்ட்ஸான் என்ற இடத்தில், சாக்கடை நீர் பாயும் வயல்களின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் போலீஸ் காவல். அன்றைக்கு அந்த வண்டிகளின் சக்கரங்கள் நின்றன. 1942 டிசம்பரில் ஹிம்லரின் உத்தரவு பிறந்தது. அவர்கள் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அங்கே ‘ஜிப்ஸி முகாம்’ என்று ஒரு பகுதி. அதில் குடும்பங்களாகவே அடைத்து வைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 2ந் தேதி இரவு, மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானவர்களை, பெண்களையும் கிழவர்களையும் குழந்தைகளையும், நச்சுப்புகையில் கொன்று அந்த முகாமைக் காலி செய்தார்கள். அந்த யுத்தத்தில் ஐரோப்பா முழுவதும் மாண்ட ரோமா ஜனங்கள் 2 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். 5 லட்சம் என்பாரும் உண்டு.

யுத்தம் முடிந்தது. 1950ல் வோக்ஸ்வாகன் கம்பெனி பெட்டி மாதிரி வேன் ஒன்றைக் கொண்டுவந்தது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் வைக்கக்கூடிய படுக்கை, அலமாரிப் பெட்டி ஒன்றைச் செய்து விற்றது. சவுக்கும் குதிரையும் போய், கனவான்கள் மட்டும் அனுபவித்த சுகம் மத்தியதரக் குடும்பங்களுக்கும் கிட்டியது. மகிழ வேண்டிய விஷயம்தான். இங்கிலாந்தில் 1960ல் வந்த சட்டம், பொது நிலங்களில் கேரவன் நிறுத்துவதைத் தடுக்க உள்ளூர் சபைகளுக்கு அதிகாரம் தந்தது. அங்கீகாரம் பெற்ற விடுமுறைக் கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாவம், ஜிப்ஸிகளின் பழைய தங்குமிடங்கள் பறிபோயின. 1968ல் அவர்களுக்கு இடம் ஒதுக்கியே தீரவேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1994ல் அந்தக் கடமையையும் நீக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால், வெளிநாடு போகும் நம்மவர்கள் இந்த வண்டியை எடுக்கக் கூடாது என்று அர்த்தமல்ல. அவசியம் எடுங்கள். ஏரிக்கரையில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, சொந்த அடுப்பில் ரசம் கொதிக்கும் வாசனையோடு மலையில் இருட்டுவதைப் பார்ப்பது பெரிய சுகம். அந்தச் சுகத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்து அனுபவித்தால் போதும்.

பெர்லினில், பார்லிமெண்டுக் கட்டிடத்துக்குப் பக்கத்தில், மாண்டுபோன ரோமா, சிந்தி ஜனங்களுக்கு 2012ல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். வட்டமான ஒரு குளம். சலனமில்லாத கறுப்புத் தண்ணீர். நடுவே முக்கோணமாக ஒரு கல். அந்தக் கல்லின்மேல் தினம் ஒரு புதுப் பூ வைக்கிறார்கள். அதை அமைத்த சிற்பி இஸ்ரேல் நாட்டுக்காரர். அவர் பெயர் டானி காரவான். தற்செயலாக அமைந்த பெயர்தான். ஆனாலும், ஊர் ஊராய் விரட்டப்பட்ட அந்த வண்டிகளுக்கு, எழுந்து போ என்று யாரும் சொல்லாத ஓர் இடத்தைக் கடைசியில் ஒரு காரவான்தான் தேடிக் கொடுத்தார்.